படிகாரக் கைகள்

பிரமாதி வருஷம், தை 2, திங்கள்

நல்ல பனி. கொல்லையில் நின்றால் சாயப்பட்டறைக் கூரைகூடத் தெரியவில்லை. மாட்டுப் பொங்கல். வெள்ளைச்சியைக் குளிப்பாட்டியது நான். கொம்புக்குக் காவி அடித்தது நான். பொங்கல் வைத்ததும் நான். தின்பதற்கு மட்டும் வீட்டு ஆண்கள் மூன்று பேரும் சரியாக வந்து சேர்ந்தார்கள். மாமனார், இவர், கொழுந்தனார். மாட்டுக்கு மிஞ்சியதே பெரிது.

பாவாயி காவிக் கிண்ணத்தில் கையை முக்கி மாட்டின் விலாவில் அப்பினாள். வெள்ளைத் தோலில் குட்டிக் கை, விரல் ஐந்தும் பளிச்சென்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மாடு முழுக்க. வெள்ளைச்சி மகராசி, அசையாமல் நின்றது. பிள்ளை அந்தண்டை போனதும் சுவரில் ஒரு உரசு. அத்தனை கையும் போயிற்று.

ஊரைக் கூட்டுகிற அழுகை. "அம்மா, என்ற கையெல்லாம் போயிருச்சு! அம்மா, வேற கை வெச்சுக் குடு!"

அம்மா என்றது என்னை. பெற்றவள் நாகு. என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. பக்கத்திலேயே பானை துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. நாகு பெற்றதும் ஜன்னி கண்டு, எருமப்பட்டியில் தாய் வீட்டோடு கிடந்து, பிழைத்ததே மாரியாத்தா புண்ணியம். அவள் தேறி வருவதற்குள் பாவாயி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆட்டுப்பால் ஊற்றி வளர்த்தது நான். குழந்தை எனக்கு அம்மா என்று பேர் வைத்தது. நான் நாகு என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்கு நாகு என்றே வைத்துவிட்டது. ஐந்து வயதாகிறது, இன்னமும் நாகுதான். தெருவில் கேட்டுச் சிரிப்பார்கள். நாகு சிரிக்கமாட்டாள்.

மத்தியானம் கொழுந்தனார் சொன்னார். பம்பாய் மில்லில் சாயப் பிரிவில் வேலை உறுதியாகிவிட்டது. இந்த மாதமே போக வேண்டும். குடும்பத்தோடு.

குடும்பத்தோடு என்றால் பாவாயியும்தான். வேறு என்ன அர்த்தம்.

தை 3, செவ்வாய்

பூப்பறிக்கிற நோம்பி. தெருப் பெண்கள் எல்லாம் ஆவாரம்பூ பறிக்கப் போனார்கள். நான் போகவில்லை, தலைவலி. (தலைவலி இல்லை.)

சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம். சீமையில் சண்டை வந்ததிலிருந்து ஜெர்மன் சாயம் வருவதில்லை. பட்டறையில் பாதித் தொட்டி காய்ந்து கிடக்கிறது. வீட்டில் ஒருவருக்காவது நிலையான வேலை என்றால் நல்லதுதானே. நல்லதுதான், நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்தேன். தண்டைச் சட்டியிலும் கீரையைக் குப்பையிலும் போட்டிருக்கிறேன்.

தை 4, புதன்

மாமனார் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்தார். தை 25, புதன்கிழமை பயணம். "பொன்னு கெடைச்சாலும் பொதன் கெடைக்காது" என்றார்.

"பொதங்கெழமை வடக்க சூலமுங்கப்பா. பம்பாயி வடக்கதான இருக்குது" என்றார் கொழுந்தனார்.

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "சங்ககிரி டேசனுக்கு வண்டி தெக்கதான போகுது? நீ தெக்க போ. அப்பறம் ரயிலு எங்க போனா உனக்கென்ன?"

சூலம் தீர்ந்தது.

எடுத்துப் போக வேண்டியவை: உரல் வேண்டாம் (நாகு கேட்கிறாள், பைத்தியம்). பித்தளை அண்டா. அரிசி மாவு, வறுத்தது. ஊறுகாய், எலுமிச்சை. பா. பாவாடைகள், கீழ்மடிப்பு பிரித்துவிட்டு. பா. விளக்கெண்ணெய். பா. மரச்செப்பு.

பாவாயி என்று முழுசாக எழுதாமல் பா. பா. என்றே எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் எடுக்கப் போகும்போது தறிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாகு குரல். ஒட்டுக்கேட்கவில்லை, குடம் இடுப்பில், நின்றேன், அவ்வளவுதான். கொழுந்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அங்க போயி எறங்குன ஒடனே 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு அழுவா. நான் யாருன்னு சொல்லட்டுமுங்க அவகிட்ட? எனக்குப் பயமா இருக்குதுங்க."

பெற்ற பிள்ளையைக் கண்டு பயம்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றேன். போவதற்குள் பாவாயி அவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். என்னைப் பெரியம்மா என்று. ஏழு மலை தாண்டிப் போகிற இடத்தில் ஒருத்தி தன்னை அம்மா என்று கூப்பிடாத பிள்ளையோடு இருக்கக் கூடாது. குழந்தையும் அம்மா என்று கூப்பிட ஆளில்லாமல் இருக்கக் கூடாது. இதைச் செய்ய என்னால்தான் முடியும். வேறு யார் சொன்னாலும் அந்தக் கழுதை கேட்காது.

தை 5, வியாழன்

முதல் பாடம். கையில் கடலை மிட்டாய்.

"நாகுவ இனிமே அம்மான்னு கூப்படோணும்."

"அப்ப உன்னைய?"

"பெரியம்மா."

மேலும் கீழும் பார்த்தாள். "நீ எங்க பெருசு? நாகுதான் ஒசரம்."

மிட்டாய் அவள் வாய்க்குள் போயிற்று. பாடம் போகவில்லை.

இன்னொரு யோசனை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். மாட்டு மேல் வைத்த கை. அதே மாதிரி வீட்டில் எல்லோர் கையும் ஒரு துணியில் வைத்து, உள்ளே என் பழைய சேலைகளை மடித்து வைத்து, போர்வையாகத் தைத்துக் கொடுத்தால்? ஒவ்வொரு கையாகத் தொட்டுக் காட்டி நாகு சொல்லலாம், இது தாத்தா, இது பெரியப்பா என்று. பக்கத்திலேயே நாகு கை, அதைத் தொட்டு அம்மா என்று பாவாயி சொல்லிப் பழகலாம்.

இவரிடம் சொன்னேன். "பம்பாயில வேர்த்து ஊத்துமாம் புள்ள. போர்வை எதுக்கு?"

வேர்த்தால் மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளட்டும். குறுக்குக் கேள்வி கேட்பதில் இந்த மனுஷரை மிஞ்ச ஆளில்லை.

மாமனாரிடம் சொன்னேன். "காவியில வெச்சா ஒரு தொவையலுக்கு நிக்காது பெரியம்மிணி. படிகாரத்துல வையி" என்றார்.

எனக்கு ஏன் தோன்றவில்லை! மஞ்சிட்டி வேர்ச் சாயம் வெறும் துணியில் ஒட்டாது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் பிடிக்கும். கையைப் படிகாரத் தண்ணீரில் நனைத்துப் பதித்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மஞ்சிட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தால் கை மட்டும் சிவப்பாக எழுந்து வரும். அப்புறம் வெளுத்தாலும் துவைத்தாலும் போகாது.

தை 6, வெள்ளி

காடாத் துணி, இவர் தறியில் நெய்தது. கஞ்சி போக அலசி, கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்து ஊறப் போட்டேன். பாலில் ஊறினால்தான் சாயம் அண்டை அசலுக்குக் கசியாது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. காக்கைகள் கொடியைச் சுற்றியே. பாவாயி குச்சியோடு காவல், பாதி நேரம் காக்கையோடு பேச்சு.

பாடம்: நாகு என்றுதான் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மா, அம்மா, அம்மா" என்று என் முந்தானையை இழுத்தாள். "நான் பெரியம்மா" என்றேன். போய்க் காக்கையிடம் புகார் சொன்னாள்.

தை 9, திங்கள்

கை வைத்த நாள். பனி விலகி நல்ல வெயில்.

படிகாரத்தைக் கரைத்து, வழியாமல் நிற்பதற்குக் கொஞ்சம் புளியங்கொட்டைப் பசை விட்டு, அகலச் சட்டியில் வைத்தேன். துணியைப் பலகை மேல் விரித்து நாலு மூலையிலும் கல். எடப்பாடியிலேயே சாயக்கார வீட்டு மருமகள் நான் ஒருத்திதான் என்கிற மாதிரி அதிகாரம். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன்.

மாமனார் முதலில். சுட்டுவிரல் கோணல், விரியவே விரியாது. பிடித்து விரித்து அமுக்கினேன். "எலும்ப முறிச்சுப்போடாத சாமி" என்றார்.

இவர் கை அவுரித் தொட்டியிலேயே கிடந்து நீலம். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. "நீலமும் செவப்பும் சேந்தா கத்திரிப்பூ நெறம் வருமுங்க அண்ணி, தனியா காசு குடுக்க வேண்டாம்" என்று கொழுந்தனார் கேலி. அவர் கையைக் கொஞ்சம் வேகமாகவே அமுக்கினேன்.

நாகு தள்ளித் தள்ளி நின்றாள். "எனக்கெதுக்குங்கக்கா, நான்தான் கூடப் போறனுங்களே." மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மெலிந்த கை, ஜில்லென்று. காய்ச்சலில் போன சதை கைக்கு இன்னும் திரும்பவில்லை. பாவம். இத்தனை வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறோம், அவள் கையை இன்றுதான் பிடித்தேன்.

அவள் கைக்குப் பக்கத்தில் பாவாயி. கூச்சம், சிரிப்பு, விரலை மடக்கி மடக்கி இழுத்துக்கொள்கிறாள். கடைசியில் என் கையை அவள் கை மேல் வைத்து நன்றாக அமுக்கி, பத்து எண்ணு என்றேன். ஏழுக்கு அப்புறம் அவளுக்கு வராது. ஏழையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கையை எடுத்தால் வெறும் ஈரம். உதடு பிதுங்கியது. "ஒண்ணுமே காணம்!"

"வரும் கண்ணு. கொதிச்சா வரும்."

"வெள்ளைச்சி காலையும் வைக்கோணும்."

வைக்கவில்லை. அதற்கு ஒரு அழுகை. துணியை எடுத்து நிழலில் காயப் போட்டேன். வேலை சுத்தமாக முடிந்தது.

தை 11, புதன்

இருப்புக் கொள்ளவில்லை. துணியை இரண்டு முறை தூக்கிப் பார்த்தேன். கடுக்காய் மஞ்சளைத் தவிர ஒன்றுமில்லை. பிள்ளையைக் கேலி செய்துவிட்டு நானே தேடுகிறேன்.

பாடம்: இன்று ஒரு வழி கண்டுபிடித்தாள். நாகுவையும் கூப்பிடுவதில்லை, என்னையும் கூப்பிடுவதில்லை. "ஏய்" என்கிறாள். இரண்டு பேரும் திரும்புகிறோம்.

தை 13, வெள்ளி

சரபங்கா ஆற்றில் அலசல். மிஞ்சின படிகாரம் ஓடுகிற தண்ணீரில் போக வேண்டும், இல்லாவிட்டால் சாயம் கன்னாபின்னா என்று பிடிக்கும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. நாகு ஒரு முனை, நான் ஒரு முனை.

ஆற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் கேட்டாள், என்னைப் பார்க்காமல். "அவ தூக்கத்துல சிணுங்குனா என்னங்க்கா பண்ணுவீங்க?"

சொன்னேன். துணியைப் பிடித்தபடியே நெடுநேரம் சொன்னேன்.

முதுகில் தட்டக் கூடாது, விழித்துக்கொள்வாள். உள்ளங்காலைத் தேய்க்க வேண்டும்.

பாலில் ஆடை கூடாது. ஒரு பொட்டு ஆடை இருந்தாலும் போச்சு.

கோபம் வந்தால் தானியக் குதிருக்குப் பின்னால் போய் உட்காருவாள். கூப்பிடக் கூடாது. பக்கத்தில் போய் ஏதாவது வேலை பார்த்தால் தானாக வருவாள்.

பூனைக்குப் பயமில்லை. பல்லிக்குப் பயம். பயம் என்று ஒத்துக்கொள்ளமாட்டாள்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "கேக்கல" என்றால் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

நாகு உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தாள். "பம்பாயில குதிரு இருக்காதுங்களேக்கா" என்றாள். கதவுக்குப் பின்னால் போவாள் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் துணி கொஞ்ச தூரம் ஆற்றோடு போய், ஓடிப் பிடித்தோம்.

இவளை எனக்குப் பிடிக்கிறது. போகிற நேரத்தில் தெரிகிறது.

தை 14, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

பட்டறை அண்டாவில் மஞ்சிட்டி. மாமனாரே அடுப்புக்கு முன்னால். எல்லோரும் சுற்றி நின்றோம். பாவாயி இவர் தோள் மேல். முதலில் துணி முழுக்க மங்கலான சிவப்பு. கிளறக் கிளற ஒவ்வொரு கையாக எழுந்தது. கோணல் விரலோடு மாமனார் கை. இவர் அகலக் கை. கத்திரிப்பூ நிறமெல்லாம் இல்லை, நல்ல சிவப்பு. பாவாயி, "என்ற கை! என்ற கை!" என்று கத்தி இவர் தலைமயிரைப் பிய்த்துவிட்டாள்.

எடுத்து உதறிக் கொடியில் போட்டதும்தான் பார்த்தேன். ஒவ்வொரு கையைச் சுற்றியும் கறை. இங்கே ஒரு விரல் நுனி, அங்கே ஒரு கட்டைவிரல், மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் ஒரு வளைவு. மூலைகளில், கல் வைத்த இடத்தில்கூட. துணி முழுக்க.

எல்லாம் என் விரல்கள்.

பட்டறைக்கு வருகிற எவருக்கும் முதலில் சொல்லுகிற சங்கதி: படிகாரம் தொடுகிற ஆள் வேறு, துணி பிடிக்கிற ஆள் வேறு. ஈரக் கையோடு துணியைத் தொடக் கூடாது. அப்போது தெரியாது, கொதிக்கும்போது காட்டிக்கொடுக்கும். இது எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அத்தனை கையையும் அதிகாரமாகப் பிடித்து விரித்து அமுக்கியது யார்? ஈரத்தோடு துணியை எடுத்துக் காயப் போட்டது யார்?

மாமனார் திட்டவில்லை. "கறைபட்டுப் போச்சே" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம். வெளி ஆள் துணி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவர் கைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "ஏ புள்ள, உன்ற கை எங்க?"

என் கை இல்லை.

எல்லோரையும் வைக்கச் சொன்னேன், நான் வைக்க மறந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத கை என்பதால் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. பாவாயிக்கு எல்லோரும் இருப்பார்கள், நான் மட்டும் இருக்கமாட்டேன். கறை மட்டும் இருக்கும்.

இரண்டாம் தடவை செய்ய மஞ்சிட்டி இல்லை. நாளும் இல்லை. குழம்பில் உப்புப் போடவில்லையாம், கொழுந்தனார் சொன்னார், இவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

தை 16, திங்கள்

துணியை ஆட்டுப் புழுக்கைத் தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து இன்றோடு மூன்றாம் நாள். துணியின் மங்கல் சிவப்பு வெளுத்துவிட்டது. கைகள் இன்னும் நன்றாகத் தெரிகின்றன. கறையும்தான். போகாது என்று எனக்கே தெரியும். பிடிவாதத்துக்குத் தெளித்தேன்.

ஒரு வழிதான். கைகளை மட்டும் சதுரம் சதுரமாக ஒட்ட வெட்டி, வேறு வெள்ளைத் துணியில் வைத்துத் தைப்பது. கறை எல்லாம் வெளியே போய்விடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

தை 17, செவ்வாய்

கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்துக்கொண்டு துணியைக் கூடத்தில் விரித்தேன். பாவாயி கையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று. அதைச் சுற்றித்தான் கறை அதிகம். அவள் விரல் ஒவ்வொன்றுக்கும் மேலே என் விரல் நுனி ஒவ்வொன்று. கீழே என் உள்ளங்கை ஓரம், பிறை மாதிரி. என் கைக்குள் அவள் கை இருக்கிறது. ஏழு, ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்த நேரத்துக் கை.

வெட்டித்தான் ஆக வேண்டும், பின்னே எப்படி. கத்தரியைத் திறந்தேன்.

நாகு வந்து துணி மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தே விட்டாள், நட்ட நடுவில்.

"எந்திரி."

"மாட்டனுங்க்கா."

"கறைத் துணியையா பம்பாய்க்குக் கொண்டு போவ? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பாக்கறவங்க கெடக்கறாங்க." இவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "இதையெல்லாம் வெட்டிப்போட்டீங்கன்னா, நாளைக்கி இவ பெருசாயி, 'நீ காய்ச்சல்ல கெடந்தப்ப என்னைய யாரு வளத்துனா'ன்னு கேட்டா, நான் எதைக் காட்டறதுங்க? சொல்லுங்க்கா, எதைக் காட்டறது?"

கத்தரியைக் கீழே வைத்தேன். அவளே எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் அழுதாள். நானும்தான். பாவாயி குதிருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய், எதுக்கு அழுவறீங்க?" என்றாள்.

தை 20, வெள்ளி

தையல். வெட்டவில்லை, முழுத் துணி. உள்ளே என் பழைய சேலைகள்: பச்சைக் கட்டம், மாம்பழ நிறம், கல்யாணத்துக்கு அடுத்த தீபாவளிச் சேலை (கிழிசல்). அடியில் இவர் வேட்டி. ஓரத்தில் நான், நடுவில் நாகு. அவள் தைப்பது கோழி நடந்த மாதிரி இருக்கிறது. பிரித்துவிட்டுச் சரியாகத் தைக்க விரல் துடிக்கிறது. பிரிக்கவில்லை. இது எனக்குப் பெரிய காரியம், என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மாமனார் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சாயம் நல்லாப் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். கறையைப் பற்றிப் பேச்சில்லை.

பாவாயியை மடியில் போட்டுக்கொண்டு நாகு கை கையாகக் காட்டினாள். "இது யாரு?" "தாத்தா." "இது?" "பெரீப்பா." தன் கையைக் காட்டி, "இது?" பாவாயி அவள் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், காதைப் பொத்திக்கொண்டு "கேக்கல" என்றாள்.

நாகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேட்டுவிட்டது என்று அவளுக்கும் இப்போது தெரியும்.

தை 23, திங்கள்

முடிந்தது. வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. கனம்தான். இவர் மேலே போட்டுப் பார்த்து, "எடப்பாடிக்கே வேர்க்குது" என்றார். திருடி வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்.

பா. இன்று என்னோடு படுக்கவில்லை. நானே நாகு பக்கத்தில் படுக்க வைத்தேன். சிணுங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இந்தப் பக்கம் கிடந்தேன். உள்ளங்காலைத் தேய்க்கிற சத்தம் கேட்டது, வளையல் சத்தம். அடங்கிவிட்டாள்.

நாகு நன்றாகத்தான் தேய்க்கிறாள்.

தை 24, செவ்வாய்

புளிச்சோறு கட்ட வேண்டும். முறுக்கு ஆயிற்று. அண்டாவுக்குள் செப்புச் சாமான். விளக்கெண்ணெய்க்கு மூடி சரியில்லை, மெழுகு வைக்க வேண்டும். கொழுந்தனார் ஒன்றையே மூன்று தடவை கட்டி அவிழ்க்கிறார், அவருக்கும் மனசு சரியில்லை போல. "அண்ணி, நல்லாப் பாத்துக்கறமுங்க" என்றார், கயிற்றைப் பார்த்துக்கொண்டு. தெரியும் என்றேன்.

பாடம் நடத்தவில்லை. போதும். அவளாக என்ன கூப்பிடுகிறாளோ கூப்பிடட்டும். எனக்கும் இன்னும் ஒரு நாளைக்கு அம்மா என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? அவள்தான் "ஏய்"யை விடமாட்டேன் என்கிறாள்.

தை 25, புதன்

பனி. வண்டி விடிந்ததுமே வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வாய் பால். மாமனார் திருநீறு பூசிவிட்டு, "தெக்க பாத்து ஏறுங்க சாமி" என்றார். இவர் மாட்டுக் கழுத்து மணியைச் சரி செய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியில் மூட்டைகள், கொழுந்தனார், நாகு, உள்ளே தள்ளிப் பாவாயி, போர்வைக்குள் மூக்கு மட்டும். அழவில்லை. ரயில் பார்க்கப் போகிற குஷி. நான் வண்டிக்குப் பின்னால் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலில் ஆடை எடு என்று மட்டும் சொன்னேன். நாகு தலையை ஆட்டினாள்.

வண்டிக்காரர் மாட்டைத் தட்டினார். அப்போது பாவாயி எழுந்து நின்று, எரிச்சலாக, வீட்டில் எப்போதும் பேசுகிற அதே குரலில்:

"அம்மா, நவுரு! பெரீம்மாளுக்கு நான் தெரியல."

நாகு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா என்றதும் அவளுக்கு முந்தியே நான் நகர்ந்துவிட்டேன்.